நானூற்றுப் பதின்மூன்றாவது எதிர்வினை

டிரைவிங் டீச்சர் நூலகத்தில் சேர்ந்தது படிப்பதற்காக அல்ல, கழிப்பறைக்காக.

பத்தொன்பது வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் அவருக்குத் தொழில். கற்றுக்கொள்கிறவர் பக்கம் ஸ்டியரிங், இவர் காலடியில் ஒரு பிரேக். லைசென்ஸ் தேர்வுத் திடலில் ஒரு ஆளுக்கு முறை வர மூன்று மணி நேரம் ஆகும். அங்கே நிழலுக்கு ஒரு மரமும் உட்கார ஒரு சிமென்ட் பெஞ்சும் உண்டு, பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. எதிர்ச்சாரியில் இருந்த பொது நூலகத்தில் உண்டு. ஆனால் கதவில் 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது.

அதனால் டீச்சர் உறுப்பினரானார். உறுப்பினர் என்றால் மாதம் ஒரு புத்தகம் எடுத்தாக வேண்டும், எடுத்ததைப் படித்தாக வேண்டும், படித்ததற்கு எதிர்வினைப் படிவம் நிரப்பித் தர வேண்டும் என்பது நூலக இயக்குநரகத்தின் விதி. படிவத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன: மிகவும் பயனுள்ளது, பயனுள்ளது, ஓரளவு பயனுள்ளது, கிழிக்காமல் திருப்பினேன். கீழே ஒரு கேள்வி: 'இந்நூல் தங்கள் குடும்ப வாழ்வை எவ்வாறு மேம்படுத்தியது?' பதிலுக்கு இரண்டு கோடுகள். டீச்சர் எல்லாப் புத்தகத்துக்கும் 'நன்றாக மேம்படுத்தியது' என்று எழுதிக் கொடுத்துவந்தார். தேனீ வளர்ப்புப் புத்தகத்துக்கும் அதையேதான் எழுதினார்.

அப்படி ஒரு நாள் வாசலுக்குப் பக்கத்து மேஜையில் கைக்கு எட்டியது என்பதால் அவர் எடுத்துக்கொண்டு போன புத்தகம், 'நானும் சேர்த்துத்தான்'.

எழுதியவர் வேறொரு நாட்டுக் கறுப்பினப் பெண். பெண்ணியவாதி. ஒரு பெண்ணை நேசித்து, அவளோடு குடும்பம் நடத்தி, அதை ஒளிக்காமல் எழுதியவர். பெண்கள் மாநாட்டுக்குப் போனால், 'பெண்கள்' என்று வெள்ளைக்காரப் பெண்கள் சொல்வதில் தான் சேர்த்தி இல்லை. தன் இனத்தார் கூட்டத்துக்குப் போனால், 'நம் மக்கள்' என்று ஆண்கள் சொல்வதில் தான் சேர்த்தி இல்லை. துணைவியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டால் இரண்டு இடத்திலும் யாருக்கும் கண் தெரிவதில்லை. இதைத்தான் கட்டுரைக்குக் கட்டுரை, கோபமும் கேலியுமாகச் சொல்லியிருந்தார்.

இப்படிப்பட்ட புத்தகத்தை இயக்குநரகம் எப்படி வாங்கியது என்று கேட்கலாம். தேர்வுக் குழுவினர் பட்டியலில் தலைப்பை மட்டும் பார்த்து, கூட்டுக் குடும்பத்தின் சிறப்பைச் சொல்லும் நூல் என்று நினைத்துவிட்டார்கள். நானூறு பிரதிகள் வந்து இறங்கிய பிறகு, பொட்டலம் பிரித்த ஊழியர் ஒருவர் தவறுதலாக மூன்றாம் பக்கத்தைப் படித்துவிட்டார். குழு மூன்று நாள் கூடிப் பேசியது. திருப்பி அனுப்பினால், படிக்காமல் தேர்வு செய்தது வெளியே தெரிந்துவிடும். ஆகவே நூல் இருக்கட்டும், சொல்லை மட்டும் எடுத்துவிடலாம் என்று தீர்மானம் ஆனது. 'லெஸ்பியன்' என்ற சொல் இருநூற்றுப் பதினான்கு இடங்களில் வந்தது. அத்தனை இடங்களிலும், அத்தனை பிரதிகளிலும், 'நட்புணர்வு மிக்கவர்' என்று அச்சிட்ட சீட்டை ஆறு பேர் உட்கார்ந்து ஐந்து வாரம் ஒட்டினார்கள்.

டீச்சர் திடலில் காருக்குள் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். 'நான் நட்புணர்வு மிக்கவர் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் என்னைக் காலி செய்யச் சொன்னார்' என்று ஒரு வரி வந்தது. அடுத்த பக்கத்தில், 'நட்புணர்வு மிக்கவர் என்பதற்காக என் வேலை போயிற்று.' அந்த நாட்டில் மனிதர்கள் இவ்வளவு மோசமா என்று அவருக்குத் திகைப்பாக இருந்தது. நட்பாகப் பழகினதற்கா வேலையை விட்டுத் தூக்குவார்கள்? வண்டிக் கண்ணாடியில் ஸ்டிக்கர் சுரண்டும் பிளேடு டாஷ்போர்டில் இருந்தது. ஒரு சீட்டைச் சுரண்டினார். பிறகு மீதி இருநூற்றுப் பதின்மூன்றையும் சுரண்டினார்.

அறுபத்தோராம் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டுரை. எழுதியவருடைய வீட்டில் விசேஷம் நடக்கும்போதெல்லாம், 'எல்லாரும் நில்லுங்க, குடும்பப் படம் எடுக்கலாம்' என்று சொல்லிவிட்டு, கேமராவை அவருடைய துணைவியின் கையில் கொடுத்துவிடுவார்களாம். நல்லபடியாகச் சிரித்துக்கொண்டே கொடுப்பார்களாம். பதினோரு வருடப் படங்களில் துணைவி ஒன்றில்கூட இல்லை. 'எங்கள் குடும்பத்தை அவளைப் போல யாரும் அழகாகப் பார்த்ததில்லை. அவளைத்தான் யாரும் பார்க்கவில்லை' என்று கட்டுரை முடிந்தது.

டீச்சர் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். அவருடைய தங்கச்சி ஒன்பது வருடமாக ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறாள். தங்கச்சிக்கு மருந்துக் கடையில் வேலை. அந்தப் பெண், குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள். சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால், 'வாடகையைப் பாதிப் பாதி போட்டுக்கறாங்க' என்று டீச்சரே சொல்லிவைத்திருந்தார். போன வருடம் டீச்சருடைய மகள் கல்யாணத்துக்கு இருவரும் வந்தார்கள். போனை எடுத்துப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நாற்பது படம் இருந்தது. நீச்சல்காரி எதிலும் இல்லை. போனை அவள் கையில் கொடுத்து, 'நீ கொஞ்சம் எடும்மா, உனக்குத்தான் கை நடுங்காது' என்று சொன்னது வேறு யாரும் இல்லை, டீச்சரேதான்.

எதிர்வினைப் படிவத்தில் இரண்டு கோடு போதவில்லை. டீச்சர் படிவத்தைத் திருப்பி, பின்பக்கம் முழுக்க எழுதினார். தங்கச்சியைப் பற்றி, நீச்சல்காரியைப் பற்றி, நாற்பது படங்களைப் பற்றி எல்லாம் எழுதி, 'இந்நூல் என் குடும்ப வாழ்வை மேம்படுத்தவில்லை. என் முகத்தில் நானே விழிக்க முடியவில்லை' என்று முடித்தார். தங்கச்சிக்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. படிவத்துக்கு எழுதுவது சுலபமாக இருந்தது.

நூலகர் ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிற மனிதர். படிவத்தை வாங்கி, பின்பக்கத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, என்ன இது? நெஜமாவே எழுதிட்டீங்களே!"

"எழுதணும்னுதானே சார் குடுக்கறீங்க?"

"நிரப்பணும்னு குடுக்கறோம்மா."

நான்காம் நாள் இயக்குநரகத்திலிருந்து அழைப்பு வந்தது. 'வாசக உண்மைத்தன்மைக் குழு' முன்னால் நேரில் வர வேண்டும். நீளமான மேஜை, அதன் மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் பழைய சுற்றறிக்கைகள். மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் குறிப்பெடுக்க ஒடிசலான பெண் எழுத்தர் ஒருவர்.

"இந்த நூலை நீங்களே படிச்சீங்களா?" என்று தலைமை அதிகாரி தொடங்கினார்.

"ஆமா சார்."

"முழுசாவா?"

"ஆமா."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"நீங்கதான் சார். விதியே இருக்கே."

"படிக்கும்போது உங்க கணவர் பக்கத்துல இருந்தாரா?"

"கடைசி நாலு கட்டுரை வீட்ல படிச்சேன். அப்ப இருந்தார். தூங்கிட்டு இருந்தார்."

"கணவரின் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கம்மா" என்று எழுத்தரிடம் சொல்லிவிட்டு, தலைமை அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களும்... அந்த மாதிரியா?"

"எந்த மாதிரி?"

அதிகாரி நெளிந்தார். எதிரே இருந்த பிரதியைப் புரட்டிச் சீட்டைப் பார்த்தார். "நட்புணர்வு...?"

"எனக்கு நட்பே கிடையாது சார். வேலையே சரியா இருக்கு."

எழுத்தர் சட்டென்று குனிந்து பேனாவைத் தேடினார். பேனா அவர் கையிலேயே இருந்தது.

"சரி. அரசு ஒட்டின சீட்டை ஏன் சுரண்டினீங்க?"

"ஒட்டினதால அர்த்தம் புரியல சார்."

"புரியக்கூடாதுன்னுதானேம்மா ஒட்டினோம்!" என்று அதிகாரி உண்மையிலேயே மனம் நொந்து சொன்னார்.

டீச்சருடைய உறுப்பினர் அட்டையை ரத்து செய்யலாம் என்று மூவரும் முடிவுக்கு வந்த நேரத்தில் இயக்குநர் உள்ளே வந்தார். கூடவே, இயக்குநரகமே 'பெண்ணியப் பேரொளி' என்று பட்டம் கொடுத்து வைத்திருந்த விமர்சகரும் வந்தார். பேரொளி ஆண். அந்தப் பட்டத்துக்கு இதுவரை தகுதியான பெண் யாரும் விண்ணப்பிக்கவில்லை என்று கோப்பில் இருந்தது.

இயக்குநருக்கு ஒரு சங்கடம். வருடாந்தர எதிர்வினைப் பெருவிழாவுக்கு இந்த வருடம் 'நானும் சேர்த்துத்தான்' நூலின் முறை வந்திருந்தது. எதிர்வினைகள் நானூற்றுப் பன்னிரண்டு தயாராக இருந்தன. பிரதிகளைவிடப் பன்னிரண்டு அதிகம். எல்லாமே ஒரே கையெழுத்தில் இருந்தன. குறிப்பெடுக்கும் எழுத்தரின் கையெழுத்து. ஆனால் மேடையில் உட்கார வைக்க உயிருள்ள வாசகர் ஒருவர் வேண்டும். போன வருடம் அலுவலக ஜீப் டிரைவரை வாசகராக உட்கார வைத்ததில், அவர் பாதியில் குறட்டை விட்டுவிட்டார்.

"இவங்களை ரத்து பண்ணாதீங்க" என்றார் இயக்குநர். "விழா முடியட்டும், அப்புறம் பண்ணலாம். எழுதினதை மட்டும் நம்ம பேரொளி கொஞ்சம் சரி பண்ணிக் குடுப்பார்."

டீச்சர் பயந்துபோனார். "சார், அதைத் திருப்பிக் குடுத்துடுங்க. அதுல என் தங்கச்சி விஷயம் இருக்கு."

"எதிர்வினை குடுத்தா குடுத்ததுதான். திருப்பித் தர விதி இல்ல."

வெளியே வந்து, படிக்கட்டிலேயே நின்று தங்கச்சிக்குப் போன் செய்தார். நடந்ததைச் சொன்னார்.

"என்னைக் கேட்டியாக்கா?"

"இல்ல."

"ஒன்பது வருஷத்துல ஒரு தடவை எங்க வீட்டுக்கு வந்திருப்பியா? அவளுக்கு உடம்பு சரியில்லாம இருந்தப்போ போன் பண்ணிக் கேட்டியா? எதுவும் கிடையாது. இப்போ படிவத்துல எழுதிக் கவர்மென்ட்டுக்குக் குடுத்திருக்கே."

"மனசு கேக்கல. அதான்..."

"உன் மனசுக்காக எங்க கதையை எடுத்துக் குடுத்துட்ட. அவ சின்னப் பிள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லிக்குடுக்கறா. விஷயம் வெளிய தெரிஞ்சா நாளைக்கே எத்தனை அம்மா அப்பா பிள்ளையைக் கூட்டிட்டுப் போவாங்க தெரியுமா? நீ என்ன செஞ்சேன்னு சொல்லிக்க. நாங்க யாருன்னு சொல்றதுக்கு உனக்கு என்ன உரிமை இருக்கு?"

பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேர் டீச்சரை மரத்தில் கொண்டுபோய் முட்டப் பார்த்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். இதற்கு அவர் காலடியில் ஒன்றும் இல்லை.

விழா அன்று அரங்கம் நிறைந்திருந்தது. எல்லா நூலக ஊழியர்களும் வர வேண்டும், வராவிட்டால் அரை நாள் விடுப்பு கழிக்கப்படும் என்று உத்தரவு. மேடையில் பதினான்கு நாற்காலி. பதின்மூன்றில் ஆண்கள், கடைசியில் டீச்சர். பின்னால் நானூறு பிரதிகளையும் கோபுரம் மாதிரி அடுக்கியிருந்தார்கள்.

இயக்குநர் பேசினார். "நான் நிறம் பார்ப்பவன் அல்ல. ஒருவர் கறுப்பா சிவப்பா என்று என் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. அதனால்தான் இந்த எழுத்தாளர் கறுப்பினத்தவர் என்ற தகவலைப் பின்னட்டையிலிருந்து நீக்கச் சொன்னேன். அவர் யாரோடு வாழ்ந்தார் என்பது அவருடைய அந்தரங்கம். அவரே அதை இருநூற்றுப் பதினான்கு இடங்களில் சொல்லியிருந்தாலும், அவருடைய அந்தரங்கத்தை மதித்து நாம் மூடிவிட்டோம். இந்த மரியாதை அவருக்கு அவர் நாட்டில்கூடக் கிடைத்திருக்காது."

கைதட்டல் எழுந்தது. பிறகு பேரொளி எழுந்தார்.

"பெண்ணியத்தைப் பற்றிப் பெண்களைவிட அதிகம் பேசியவன் நான். என் வீட்டில் கேட்டுப் பாருங்கள், வேறு யாரையும் பேச விட்டதே இல்லை. என்னுடைய முப்பத்தொரு பெண்ணியக் கட்டுரைகளையும் தட்டச்சு செய்தவர் என் மனைவி. இன்று வரை ஒரு பிழையும் விட்டதில்லை, ஒரு கருத்தும் சொன்னதில்லை. அதுதான் முழுமையான ஈடுபாடு! இந்த நூலைப் பொறுத்தவரை, அதன் ஆன்மாவை நான் அட்டையிலேயே உணர்ந்துவிட்டேன். உள்ளே போனால் அந்த உணர்வு கலைந்துவிடும் என்பதால் போகவில்லை."

அடுத்து வாசகி. டீச்சர் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். மைக் முன்னால் நின்று அவர் படித்தார்: "இந்நூலைப் படித்ததும் என் தங்கையும் அவளுடைய அறைத்தோழியும் வாடகையைச் சிக்கனமாகப் பகிர்ந்து வாழ்வதன் அருமையை உணர்ந்தேன். கூட்டு வாழ்வின்..."

அங்கே நின்றுவிட்டார். அந்தப் பொய்யைத் தெரியாத யாரோ எழுதவில்லை. ஊரெல்லாம் அவரே சொன்னதுதான். பேரொளி அதற்கு இலக்கணம் மட்டும் சேர்த்திருந்தார்.

"இது நான் எழுதினது இல்ல சார்" என்றார் டீச்சர்.

"உங்க உணர்ச்சியைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன்மா" என்று பேரொளி உட்கார்ந்தபடியே சொன்னார். "படிங்க, நல்லா வருது."

டீச்சர் தாளை மடித்தார்.

"நான் எழுதினதுல என் வீட்டு ஆளுங்களைப் பத்தி இருந்துச்சு. அவங்களைக் கேக்காம எழுதினேன். அது தப்பு. அதனால அதைச் சொல்லப் போறதில்ல. என்னைப் பத்தி மட்டும் சொல்றேன். ஒருத்தங்களை நான் ஒன்பது வருஷமா குடும்பத்துக்கு வெளிய நிக்க வெச்சிருக்கேன். சிரிச்சுக்கிட்டேதான் நிக்க வெச்சேன். அறுபத்தோராம் பக்கம் படிக்கற வரைக்கும் நான் நல்லவள்னுதான் நெனச்சிட்டிருந்தேன்." பேரொளி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். அறுபத்தோராம் பக்கத்துல என்ன இருக்கு?"

பேரொளி மைக்கை வாங்கினார். "அறுபத்தொன்று என்பது ஒரு எண். பெண்ணை எண்களால் அளக்க முடியுமா என்பதே..."

"கேமரா இருக்கு சார்."

குரல் கீழேயிருந்து வந்தது. ஓரமாக மேஜை போட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எழுத்தர் எழுந்து நின்றார். அறுபத்தோராம் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை புத்தகம் பார்க்காமல் சொன்னார். 'நட்புணர்வு மிக்கவர்' ஒட்டியிருந்த இடத்தில் லெஸ்பியன் என்றே சொன்னார். அரங்கில் யாரோ இருமினார்கள்.

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நானூத்திப் பன்னிரண்டு எதிர்வினை எழுதச் சொன்னீங்களே சார். படிக்காம எப்படி எழுதறது? நாலு தடவை படிச்சேன்." எழுத்தர் பேனாவை மூடினார். "முதல் முன்னூறு நீங்க சொன்ன மாதிரி எழுதினேன். முன்னூத்தி ஒண்ணுலேருந்து எல்லாம் என் சொந்தக் கருத்து. அவ்வளவு தூரம் யாரும் வர மாட்டீங்கன்னு தெரியும்."

இயக்குநர் மேடையில் இருந்த அதிகாரிகளைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க யாரும் படிச்சுப் பாக்கலையா?"

"நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டீங்க" என்றார் தலைமை அதிகாரி.

அப்போது மூன்றாம் வரிசையில் ஒரு பெண் ஊழியர், "அப்படி என்னங்க எழுதினீங்க?" என்று எழுத்தரைக் கேட்டார். இன்னொருவர், "அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்றார். கேள்விகள் எழுத்து மூலமாக மட்டுமே ஏற்கப்படும் என்று இயக்குநர் மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பெண்கள் மேடை ஏறிக் கோபுரத்தை உச்சியிலிருந்து பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். நூலகர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பணியில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவருடைய பேனாவில் மை தீர்ந்தது.

ஆண்டறிக்கையில் விழாவைப் பற்றி இப்படி எழுதினார்கள்: 'நூல்கள் அனைத்தும் ஒரே மாலையில் இரவல் பெறப்பட்டன. இது இயக்குநரகத்தின் அயராத முயற்சிக்குக் கிடைத்த வெற்றி.' அதே வாரத்தில் ஒரு சுற்றறிக்கையும் வந்தது. இனி எதிர்வினைப் படிவங்கள் பின்பக்கம் கறுப்பாக அச்சடிக்கப்படும், யாரும் எழுத முடியாது. பேரொளிக்கு விருது கிடைத்தது. எழுத்தரைக் கிடங்குக்கு மாற்றினார்கள், புதிதாக வரும் நூல்களைப் பிரித்துப் பார்க்கும் வேலைக்கு. எந்தப் புத்தகம் உள்ளே வர வேண்டும் என்பது இப்போது அவர் கையில் இருக்கிறது என்பதை இயக்குநரகத்தில் இதுவரை யாரும் கவனிக்கவில்லை. டீச்சரின் உறுப்பினர் அட்டை ரத்தானது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் தங்கச்சி வீட்டுக்குப் போனார். வழி தெரியாமல் இரண்டு தெரு தாண்டிப் போய்த் திரும்பி வந்தார். மூன்றாம் மாடி. மணி அடித்துவிட்டு, கைப்பையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் மாற்றிக்கொண்டு நின்றார். கதவைத் திறந்தது நீச்சல்காரி. தலைமுடி ஈரமாக இருந்தது.

"வாங்க மேடம்" என்றாள். ஒன்பது வருடமாக அப்படித்தான் கூப்பிடுகிறாள். டீச்சர் அதைக் கேட்டது இன்றைக்குத்தான்.

"அவ இருக்காளா?"

"உள்ள இருக்கா. கோபம் இன்னும் இறங்கல. மேடையில நீங்க எங்க பேர் சொல்லலைன்னு மட்டும் கேள்விப்பட்டோம்." ஒதுங்கி வழி விட்டாள். "உக்காருங்க. தண்ணி கொண்டு வரேன்."

"இரு. மேடம்னு கூப்பிடாதே."

நீச்சல்காரி கொஞ்சம் யோசித்தாள். "வேற எப்படிக் கூப்பிடறது?"

"அவ எப்படிக் கூப்பிடறாளோ, அப்படியே கூப்பிடு."

"அவ உங்க முன்னாடி அக்கான்னு கூப்பிடறா. நீங்க இல்லாதப்போ வேற ஒண்ணு சொல்லுவா."

உள் அறையிலிருந்து தங்கச்சி அடக்க முடியாமல் சிரிக்கிற சத்தம் கேட்டது. உடனே நின்றுவிட்டது.

"அதையே சொல்லு" என்றபடி டீச்சர் செருப்பைக் கழற்றினார். "அக்காங்கறதை அப்புறம் பாத்துக்கலாம்."